தம்பிக்கு ஒரு பிடி சோறு

1

சென்ற புதன்கிழமை என் தம்பி வேலாயுதத்துக்கு வருஷம் திரும்பியது. அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்க நான் பட்ட பாட்டைத்தான் இந்தத் தடவை எழுதப்போகிறேன். ரப்பர் மரம் எவ்வளவு உயரம், மலாயாவில் மாம்பழம் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கும் அன்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மரம் எங்கேயும் ஓடிவிடாது.

முசிறியில் எங்கள் அப்பாவுக்குத் திவசம் கொடுப்பதென்றால் என்ன வேலை? சோற்றை வடித்து, எள்ளைப் பிசைந்து, வாழையிலையில் வைத்துக்கொண்டு காவிரிக்கு நடந்துபோனால் முடிந்தது. வழியில் எதிர்ப்படுகிற ஆள் இலையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்பான். இந்தச் சோறு யாருக்கு, எவ்வளவு, சாப்பிடப்போகிறவன் எங்கே இருக்கிறான் என்று எந்தச் சர்க்காரும் எங்களைக் கேட்டதில்லை.

இங்கே கேட்கிறார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எமர்ஜென்சி வந்த பிறகு, லிங்கி ஆற்றுப் பக்கம் மூன்று இடத்தில் சிதறிக் கிடந்த எங்கள் தோட்டத்துக் குடியிருப்பு லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரு கேட் வைத்துவிட்டார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பது சர்க்காரின் சந்தேகம். கொடுத்தவர்களும் இருந்தார்கள், பயந்து கொடுத்தவர்கள்தான் பாதிப் பேர். அதனால் கேட்டுக்கு வெளியே ஒரு பருக்கை போகக்கூடாது. அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுப்பார், யாரும் பதுக்கி வைக்காமல் இருப்பதற்காக. மரம் வெட்ட, அதாவது ரப்பர் பாலுக்குப் பட்டை கீறப் போகிறவர்கள் இருட்டோடு வெறுந்தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய், வெயில் ஏறித் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே சட்டம்தான்.

நான் இங்கே கிராணி. ஆபீசில் ஆள் கணக்கு, பால் கணக்கு எழுதுகிறவன். தோட்டத்துத் துரைக்கு அடுத்த ஆள் நான்தான் என்று என் மனைவி ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். கேட்டில் சோதனைக்கு நானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். அதை அவள் எழுதவில்லை.

2

வேலாயுதத்தை இங்கே வரவழைத்தவன் நான். ஊரில் நிலம் போன பிறகு அவனுக்கு அங்கே என்ன இருந்தது? வந்தான், மரம் வெட்டினான். மந்தின் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தனபாக்கியத்தைப் பார்த்துக் கட்டிவைத்தேன். இரண்டு வருஷம் இருந்தார்கள். பிள்ளை இல்லை.

அவனுக்கு மரம் வெட்டப் பிடிக்கவே இல்லை. காலைப் பெரட்டில், அதாவது ஆளெண்ணி வேலை பிரிக்கிற இடத்தில், கடைசி ஆளாகத்தான் வந்து நிற்பான். வேலையை மேற்பார்க்கிற தங்கையா மண்டோர் கத்துவார். அவன் சிரிப்பான். கம்பிக்குள் வந்த பிறகு அந்தச் சிரிப்பும் குறைந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது. போர்ட் டிக்சனுக்கு நேரே கடலில் ஒரு எண்ணெய்க் கம்பெனி கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. கடலுக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். முதல் நாள் அவர்கள் தண்ணீருக்குள் வெடி வைத்தபோது லயம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. காட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கேட்டில் இருந்த ஸ்பெஷல் போலீஸ்காரன் மரத்தின் பின்னால் ஓடி ஒளிந்தான். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. வெடிச் சத்தம் கேட்டால் சுவா பக்கத்து மலாய்க் கிராமத்து ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள், செத்து ஒதுங்கும் மீனை அள்ள.

கப்பல் வேலைக்கு நீச்சல் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. தோட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மழைக்கு ஏங்குகிற சீமையிலிருந்து வந்தவர்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கவே சாமியைக் கூப்பிடுவார்கள். வேலாயுதம் காவிரியில் வளர்ந்தவன். ஆடிப் பெருக்கில் அக்கரைக்குப் போய் நாணல் பிடுங்கிக்கொண்டு வருவான். நான் கரையில் அவன் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணனாகப் பிறந்தும் எனக்கு நீச்சல் வரவில்லை.

தகுந்த ஆள் இவன் என்று கடிதம் எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கியவன் நான். நன்றாக நீந்துவான், எந்தத் தண்ணீருக்கும் அஞ்சமாட்டான் என்று என் கையாலேயே எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

3

ஆறு மாதம் அவன் சந்தோஷமாக இருந்தான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். கப்பலில் சோற்றுக்கு அளவு கிடையாது, கம்பி கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான், முகமெல்லாம் உப்புப் பூத்து, கரி மாதிரிக் கறுத்து. அவனுக்கு வேலை சின்னப் படகில். நீளமான கம்பிவடத்தைத் தண்ணீரில் இறக்க வேண்டும், வெடியைப் போட்ட பிறகு திரும்ப இழுக்க வேண்டும். வெடிச் சத்தம் கடலடிப் பாறைவரைக்கும் போய்த் திரும்பி வருமாம். கப்பலில் ஒரு வெள்ளைக்காரன் மெஷின் முன்னால் உட்கார்ந்து அதைக் காகிதத்தில் கோடு கோடாகப் பிடிப்பானாம்.

“கடலுக்கு அடியில இருக்கறதை எல்லாம் மேலயிருந்தே கோடு போட்டுக் காட்டறான் அண்ணே,” என்று தம்பி சொன்னான். “ஒண்ணும் மறைக்க முடியாது.”

என் மகள் சரோஜா மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறவள். சித்தப்பா சொன்னது சரிதான், அது சயன்ஸ் என்று எனக்கு விளக்கினாள். வர வர அவளுக்குத் தமிழில் வாயைத் திறந்தால் மலாய் விழுகிறது, மலாயில் திறந்தால் இங்கிலீஷ் விழுகிறது. ஊருக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. அவளுக்கு ஊர் என்றால் போர்ட் டிக்சன்தான்.

இந்தக் கடலில் விடியற்காலையில் திடீரென்று ஒரு காற்று எழும்பும். எதிர்க்கரையிலிருந்து வருவதால் சுமத்ராக் காற்று என்பார்கள். ஒரு நாழிகை அடித்து நொறுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். கம்பிவடத்தை இழுக்கப் போன படகை அந்தக் காற்று கவிழ்த்துவிட்டது. மூன்று பேர் விழுந்தார்கள். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டார்கள். என் தம்பி வடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நீந்திப் போனானாம்.

இரண்டு நாள் தேடினார்கள். நானும் கரையோரமாக லிங்கி முகத்துவாரம்வரை நடந்தேன். கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காணாமற்போனதாக வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில், அந்த இடத்தில் எண்ணெய் இல்லை என்று முடிவாகிக் கப்பலும் போய்விட்டது.

4

உடம்பு இல்லாவிட்டால் சாவும் இல்லை. இதுதான் சர்க்காரின் கணக்கு. பிணத்தைப் பார்த்தால்தான் மரணப் பதிவு. போதாததற்கு இங்கே ஆளுக்கொரு அடையாளக் கார்டு உண்டு, படமும் கட்டைவிரல் ரேகையும் ஒட்டியது. செத்தவனுடைய கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தம்பியின் கார்டு அவன் இடுப்பிலேயே போய்விட்டது. ஆளையும் காணோம், கார்டையும் காணோம் என்றால் போலீசைப் பொறுத்தவரை அவன் எங்கே போயிருப்பான்? காட்டுக்குத்தான். இரண்டு தடவை வந்து தனபாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

உடம்பு கிடைக்காததால் எங்கள் கணக்கும் முடியவில்லை. பத்தாம் நாள் லயத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். தாலியை வாங்கிவிடலாம் என்றார்கள் சிலர். முகத்தைப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்றார்கள் மற்றவர்கள். தனபாக்கியம் தாலியைக் கையில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மஞ்சள் கயிறு வெளுத்ததும் புதுக் கயிறு மாற்றிக்கொண்டாள்.

வருஷம் நெருங்க நெருங்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளையில்லாதவனுக்கு அண்ணன்தானே செய்ய வேண்டும். கோயில் பூசாரியைக் கேட்டேன். ஆள் போன இடம் கடல், அதனால் கடலிலேயே பிண்டம் வையுங்கள், பச்சரிசிச் சோறு ஒரு பிடி போதும் என்றார். தனபாக்கியத்திடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்துவிட்டுச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

“சோறு போடுங்க மாமா. எங்க இருந்தாலும் பசியோட இருப்பாரு,” என்றாள். “ஆனா பேப்பர்ல செத்துப்போனவருன்னு மட்டும் எழுதாதீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காக, பத்தொன்பது வருஷம் கிராணி வேலை பார்த்த நான் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே உணவு கொண்டுபோகப் போலீசுக்கு மனுப் போட வேண்டும். என்ன உணவு என்ற இடத்தில், சோறு என்று எழுதினேன். எவ்வளவு? என் கையால் ஒரு பிடி. எங்கே? கடற்கரை. யாருக்கு? என் தம்பி வேலாயுதத்துக்கு. என்ன காரணம்? அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. நல்ல இங்கிலீஷில், என் அழகான கையெழுத்தில் எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டு அனுப்பினேன். சரோஜா மட்டும் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சோற்றைத் தண்ணீரில் போட்டால் மீன்தான்லா தின்னும் என்றாள். பெரியவர்கள் காரியத்தில் வாயை வைக்காதே என்று அதட்டினேன். அவள் வேறு எதையோ சொல்ல வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

5

மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. என்னையும் தனபாக்கியத்தையும் டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போலீஸ் அதிகாரி வெள்ளைக்காரர், சின்ன வயசு. மேஜையில் என் மனு இருந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சூசை நின்றார். டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், மாதாகோயிலுக்குப் பக்கத்தில் வீடு. எனக்குப் பல வருஷப் பழக்கம். அன்றைக்கு அவர் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

உன் தம்பி எந்தக் கடற்கரைக்கு வந்து சாப்பிடுவான் என்று அதிகாரி கேட்டார். அவன் இறந்துவிட்டான் என்றேன். அப்படியானால் இதில் ஏன் எழுதவில்லை என்றார். எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். இறந்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் சோறு படைப்போம், அது அவர்களுக்குப் போய்ச் சேரும் என்றேன். இங்கிலீஷில் சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. மரணப் பதிவைக் காட்டு என்றார். இல்லை. அடையாளக் கார்டு? அதுவும் இல்லை.

அப்போது அவர் தனபாக்கியத்தைப் பார்த்துவிட்டுச் சூசையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண் விதவையா? சூசை அவள் கழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தமிழர்களில் கழுத்தில் தாலி இருந்தால் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று பொருள் என்று சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, அடிக்கக்கூடக் கை பரபரத்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்விக்கு எந்தத் தமிழனாலும் வேறு பதில் சொல்ல முடியாது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. கப்பலிலிருந்து தப்பிக் காட்டுக்குப் போன ஒருவன், அவனுக்குச் சோறு கேட்கிற அண்ணன், அவன் வருவான் என்று தாலியோடு காத்திருக்கிற பெண்டாட்டி. காட்டுக்கு உணவு கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். விசாரணையில்லாமல் காவலில் வைப்பார்கள். பிறகு குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் அப்படிப் போயிருக்கிறது. எனக்குச் சரோஜாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த ஊரைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

தனபாக்கியத்துக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன சொல்றாரு மாமா என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சூசை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடமே சொன்னார்.

“உங்க கழுத்துல தாலி இருக்கும்மா. அதனால உங்க வீட்டுக்காரர் காட்டுல உயிரோட இருக்காருங்கறாங்க. அவருக்குத்தான் சோறு கொண்டுபோறீங்களாம். இவரை இப்பவே உள்ள வைக்கப்போறாங்க.”

அவள் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்ததோடு சரி. சொல்லவில்லை. என்னைக் காவலில் வைத்துவிடுவார்களே என்ற பயம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாள் பார்த்தேன், முடியவில்லை.

கழுத்து வழியாகத் தாலியைக் கழற்றி என் மனுத்தாளின் மேல் வைத்தாள். நம் ஊரில் அதை நாலு பெண்கள் மறைத்து நின்று, அழுது, தண்ணீர் ஊற்றி வாங்குவார்கள். ஆம்பிளைகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இங்கே மூன்று ஆம்பிளைகளுக்கு நடுவில், பட்டப்பகலில், அவளே கழற்றினாள். அழவும் இல்லை.

அது என்னவென்று அதிகாரிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். சூசை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அதிகாரி அந்தத் தாளை மெதுவாக உருவி, என் தம்பி பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்ற வார்த்தையைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாலியைத் தொடவில்லை. தனபாக்கியம் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

6

மறுநாள், புதன்கிழமை காலை, ஒரு பிடி சோற்றை இலையில் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். தாளைக் காட்டினேன். ஸ்பெஷல் போலீஸ்காரன் இலையைப் பிரித்து, சோற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தான். கிளறிய சோற்றைப் பிண்டமாக வைக்கலாமா என்று பூசாரியைக் கேட்க நேரமில்லை. லாரியில் எங்களோடு ஒரு மலாய்ப் போலீஸ்காரரை அனுப்பினார்கள். சோறு முழுவதும் தண்ணீருக்குள் போவதைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

கடல் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது. கப்பல் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. முழங்கால்வரை இறங்கினேன். எள்ளைத் தூவி, தம்பியின் பெயரைச் சொல்லி, எங்கள் அப்பா பெயரைச் சொல்லி, சோற்றைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே பிரிந்து, வெள்ளையாகக் கலங்கிப் போய்விட்டது. இலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. போலீஸ்காரர் அதைப் பார்த்தார். பறவைகளுக்கு இருக்கட்டும், நான் பார்க்கவில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னைமரத்துப் பக்கம் நடந்தார். அவருக்குப் பெரிய மனசு.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக ஏறியிருந்த பாரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. கடமை முடிந்தது என்று நினைத்தபடி கரைக்கு வந்தேன். தனபாக்கியம் மணலில் உட்கார்ந்திருந்தாள். வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படலாம்மா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“நேத்து வரைக்கும் அவரு வருவாருன்னுதான் இருந்தேன் மாமா,” என்றாள். “அந்த ஆபீஸ்ல நான் கழட்டாம இருந்திருந்தா, அவரு இன்னும் இருந்திருப்பாருல்ல?”

இல்லையம்மா, அவன் போன வருஷமே போய்விட்டான், உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இருந்திருப்பான்மா,” என்றேன்.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. போலீஸ்காரர் தூரத்திலிருந்து லாரி டிரைவரைப் பார்த்து, அவசரமில்லை என்று கையைக் காட்டினார். நான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டேன்.